தேர்டு பார்ட்டி அண்ணனும் அமெரிக்கத் தேங்காயும்

அடுத்தவனைப் பற்றிக் கவலைப்படுவதற்கென்றே பிறந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரும் வேறெங்கும் போய்ப் பிறக்காமல் திருப்பூரில் பிறந்து, வீரபாண்டியில் இருக்கும் எங்கள் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு அடுத்த மேசையில் வந்து உட்கார்ந்தார் பாருங்கள், அது என் தலையெழுத்து.

அவருக்கு முருகன் பெயர்களில் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் அது தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘தேர்டு பார்ட்டி’. கட்டிங் மாஸ்டர் முதல் வாட்ச்மேன் வரை “தேர்டு பார்ட்டி அண்ணா” என்று கூப்பிடுவார்கள். அவரும் கொஞ்சம்கூடக் கோபப்படாமல் “சொல்லுங்க” என்று திரும்புவார். பேக்கிங் பிரிவில் இருந்த வடநாட்டுப் பையன்கள் அண்ணனை இந்தியாக்கி ‘பார்ட்டி பையா’ என்று சுருக்கிக்கொண்டார்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் வருகிற அந்தச் சொல் ஒரு மனிதருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், எந்தக் காரியத்தை ஆரம்பித்தாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி.

“சரிங்க, இதுல அடுத்தவருக்கு அடிபட்டா யாருங்க பொறுப்பு?”

டீக்கடைக்குப் போவோம். மாஸ்டர் டீயை ஆகாசத்துக்குத் தூக்கி ஆற்றிக்கொண்டிருப்பார். “ஏனுங்க மாஸ்டர், அது தெறிச்சு பக்கத்துல நிக்கறவரு கண்ணுல பட்டா என்னங்க பண்ணுவீங்க?” என்பார் இவர். மாஸ்டருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து இவருக்கு மட்டும் ஆற்றாமல் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார். இவர் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்வார். கேட்டால், “நமக்குப் பட்டா பரவால்ல கண்ணு, அது ஓன் டேமேஜ். அடுத்தவருக்குத்தான் படக்கூடாது” என்பார்.

கல்யாணப் பந்தியில் ரச வாளியோடு ஓடுகிறவர்களை நிறுத்தி நிதானமாகப் போகச் சொல்வார். ஒரு வருஷம் கம்பெனியிலிருந்து ஒட்டுக்காகப் பழனிக்குப் பாதயாத்திரை போனோம். எல்லோரும் காவடி எடுத்தோம். இவர் எடுக்கவில்லை. காவடி ஆடுகிறவர்களுக்கு முன்னால், சிவப்புப் பனியன் வேஸ்ட் துணியை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு, “அக்கட்டால தள்ளுங்க சாமி, காவடி திரும்புது, அக்கட்டால தள்ளுங்க” என்று பழனி வரைக்கும் கத்திக்கொண்டே நடந்தார். மலை அடிவாரத்தில் யாரோ ஒரு குடும்பம் இவரைக் கோயில் ஆள் என்று நினைத்துக் காலில் விழுந்தது. நானும்தான் காவடியோடு அத்தனை தூரம் நடந்தேன். என் காலில் யார் விழுந்தார்கள்?

பாருங்கள், இங்கேயே ஆரம்பித்துவிட்டேன். இவ்வளவு கோளாறான ஒரு ஆளைப் பார்த்தால் பரிதாபம்தானே வர வேண்டும்? எனக்கு வந்தது பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை. அடிவயிற்றில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அணைக்க மறந்துபோன மாதிரி ஒரு பொறாமை.

நியாயத்தைக் கேளுங்கள். நாங்கள் இருவருமே மெர்ச்சன்டைசர்கள். அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடம் ஆர்டர் பேசி வாங்கி, துணி, சாயம், தையல், பட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓடி, சரக்கைக் கப்பலேற்றுகிற வேலை. பையருக்கு இலக்கண சுத்தமாக ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது நான். நன்றி வருவது அவருக்கு. வீடியோ காலில் நான் முக்கால் மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவேன். கடைசியில் இவர் தலையை நீட்டி, “மேடம், பட்டன் ஸ்ட்ராங்கா? பேபி முழுங்கினா? ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள்?” என்பார். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து உருகிப்போவாள். முதலாளி தன் டிபன் கேரியரில் இருந்து இவருக்குத்தான் ஒரு கிண்ணம் கொடுப்பார். செக்கிங் பிரிவுப் பெண்கள் இவர் சொல்கிற மொக்கைக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் நல்ல ஜோக்குகளுக்கு மெஷினைப் பார்ப்பார்கள். போதாததற்கு என் ஊட்டுக்காரி வேறு. “ஏனுங்க, அந்த அண்ணன் எவ்வளவு பொறுப்பா இருக்காரு, நீங்களும் இருக்கீங்களே” என்பாள். சோற்றில் கை வைத்திருக்கும்போதுதான் சொல்வாள்.

இந்த நிலைமையில்தான் அமெரிக்கா வந்தது.

எங்கள் பெரிய பையர் அங்கே ஒரு புதுக் கிடங்கு திறந்திருந்தார்கள். அடுத்த சீசன் ஆர்டரை நேரில் வந்து பேசுங்கள் என்று அழைப்பு. அந்த ஆர்டர் கிடைத்தால்தான் தையல் லைன்கள் எல்லாம் ஓடும். முதலாளி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்தார். கிடங்கு நகரத்திலிருந்து சில மணி நேரப் பயணம், பஸ்ஸோ ரயிலோ கிடையாது, அதனால் அங்கே ஒரு கார் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் இல்லை. முதலாளியைக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு இத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டு போவது யார்? நான். அவிநாசி ரோட்டு நெரிசலில் கீறல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? நான். அமெரிக்க ஹைவேயில், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு நான் இருக்கிற போட்டோவை என் மச்சினன் பார்த்து வெந்துபோவதை மனசுக்குள் பார்த்துவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டும் வாங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வரிசையில் எனக்குப் பின்னால் தேர்டு பார்ட்டி நிற்கிறார்!

வாடகைக் கார் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. யார் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் ஓட்டலாம். இன்னொருவர் ஓட்ட வேண்டுமானால் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும், அதற்குத் தனி வாடகை. பெயர் இல்லாதவன் ஓட்டி எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். முதலாளி யோசித்தார். “ஒரு காருக்கு எதுக்கப்பா ரெண்டு டிரைவரு?” என்றார். யார் அந்த ஒருவர் என்பதை அவர் முடிவு செய்யவில்லை. முதலாளியம்மா முடிவு செய்தார்கள். “அந்த அண்ணனே ஓட்டட்டுமுங்க. அவருதான் மெதுவா போவாரு.”

அவ்வளவுதான். ஏழேழு ஜென்மத்துக்கும் போதுமான வயிற்றெரிச்சல் அன்றைக்கே எனக்குக் கிடைத்துவிட்டது.

அமெரிக்காவில் வண்டிகள் வலது பக்கம் போகும். ஆகவே தேர்டு பார்ட்டி அந்த மாசம் முழுக்க வீரபாண்டி ரோட்டில் வலது பக்கமாகவே நடந்து பழகினார். திருப்பூரில் பாதிப் பேர் அப்படித்தான் வண்டியே ஓட்டுகிறார்கள் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வீட்டில் சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டைப் பிடித்து ஓட்டிப் பார்த்தாராம். வலது பக்கம் அவர் சம்சாரம் உட்கார்ந்து, “லெஃப்டுல திரும்புங்க, ரைட்டுல போங்க” என்று வழி சொல்ல வேண்டுமாம். இதையும் எனக்கு வந்து சொல்லிவிட்டு, “கண்ணு, இப்ப கை நல்லாத் திரும்புது” என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு “அப்படீங்களாண்ணா” என்பேன்.

பிளேனில் எனக்குப் பக்கத்து சீட். கடலைத் தாண்டும்வரை பாடம் நடத்தினார்.

“ரெண்டு கவரு இருக்குது கண்ணு. ஒண்ணு, நாம எடுக்கற காருக்கு அடிபட்டா. இன்னொண்ணு, நம்ம கார் போய் அடுத்தவரு மேலயோ அடுத்தவரு வண்டி மேலயோ முட்டுனா. அதுக்குப் பேரு லயபிலிட்டி. எல்லாரும் என்ன பண்றாங்க? காருக்குக் கீறல் உழுந்துருமோன்னு பயந்து மொதல்லத எடுக்கறாங்க. ரெண்டாவத, போதுமா போதாதான்னுகூடக் கேக்காம உட்டுர்றாங்க. அந்த ஊருல காரோட சேர்ந்து வர்ற லயபிலிட்டி சொற்பமுங்க. மேல எச்சா வாங்கோணும். ஆஸ்பத்திரி செலவெல்லாம் அங்க அப்பிடி.”

“சரீங்ணா.”

“நம்ம காரு கெடக்கட்டும், இரும்பு. அடுத்தவரு இரும்பா?”

“இல்லீங்ணா. தூங்கலாங்களா?”

“தூங்கு கண்ணு. நான் இன்னொருக்கா படிச்சுப் பாக்கறேன்.”

முதல் நாள் ஓட்டலில் தங்கினோம். மறுநாள் காலையில் பக்கத்திலேயே இருந்த வாடகைக் கார் ஆபீசுக்கு நடந்தே போனோம். மதியம் பையரோடு சந்திப்பு. கவுன்ட்டரில் ஒரு பெண் இருந்தாள். நாள் பூராவும் இந்த கவர் வேண்டுமா, அந்த கவர் வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு, வேண்டாம் வேண்டாம் என்றே பதில் வாங்கி வாங்கி முகம் காய்ந்துபோன பெண் என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் வழக்கம்போல லயபிலிட்டி பற்றி ஆரம்பித்தாள். தேர்டு பார்ட்டியின் முகம் பழனி முருகனைப் பார்த்ததுபோல மலர்ந்தது.

“எஸ் மேடம். ஃபுல்லா வேணும். ஒரு டவுட் மேடம்.”

அந்த ஒரு டவுட் எங்கள் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை சேரும் வரைக்கும் போனது. மான் குறுக்கே வந்தால் மான் அடுத்தவரா? நாம் இடித்த ஆள் பக்கத்து ஆள் மேல் விழுந்து, அந்த ஆளுக்குப் பல் போனால் அதுவும் இதில் சேருமா, இல்லை அவர் ஃபோர்த் பார்ட்டியா? நான்தான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் முதலில் விழித்தாள், பிறகு சிரித்தாள், பிறகு உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷத்தில் அடுத்தவனைப் பற்றி இவ்வளவு கேட்ட கஸ்டமர் இவர்தான் என்று மேனேஜர் கை குலுக்கினார். ஒரு பேனாவும் பரிசாகக் கொடுத்தார். மொழிபெயர்த்த வாய் என்னுடையது. எனக்கு ஒரு மிட்டாய்கூட இல்லை.

சாவி கைக்கு வந்தது. கார் வெளியே நின்றது. பளபளவென்று, பெரிசாக, ஸ்டியரிங் இடது பக்கம். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முதலாளி தன் பையைத் திறந்தார். உள்ளே எலுமிச்சம்பழம் நாலு, தேங்காய் ஒன்று. முந்தின நாள் சாயங்காலம் எதிர்த்த சூப்பர் மார்க்கெட்டில் அவரே வாங்கி வைத்திருக்கிறார்.

“பூசை போடாம வண்டி எடுக்கறதாப்பா? வாடகை வண்டியா இருந்தா என்ன, உக்காரப் போறது நாமதான?”

நியாயம்தான். எங்கள் ஊரில் சைக்கிளுக்குக்கூட எலுமிச்சம்பழம் நசுக்காமல் எடுக்க மாட்டோம். கற்பூரத்துக்கு மட்டும் தேர்டு பார்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை. “நெருப்பு வேண்டாமுங்க, பக்கத்துல அடுத்தவங்க வண்டி நிக்குது” என்றார். நாலு டயருக்கும் பழத்தை வைத்தோம். தேங்காயை நான் எடுத்தேன். தேங்காயாவது நான் உடைக்கிறேனே என்று ஒரு அல்ப ஆசை.

“ஓட்டறவன்தான் உடைக்கோணும். அவன்கிட்ட குடு” என்றார் முதலாளி.

கொடுத்தேன். அடுப்பில் இன்னொரு விறகு.

அமெரிக்கத் தேங்காயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் ஊர்த் தேங்காய்க்குக் குடுமி இருக்கும், பிடித்து ஓங்கலாம். அதற்குக் குடுமியே கிடையாது. சுத்தமாகச் சிரைத்து, வழவழவென்று மொட்டையாக்கி விற்கிறார்கள். தேர்டு பார்ட்டி முருகனை நினைத்து, கண்ணை மூடி, மூன்று சுற்றுச் சுற்றி, பலங்கொண்ட மட்டும் ஓங்கினார். குடுமியைப் பிடித்துப் பழகிய கை அல்லவா! தேங்காய் நழுவிப் பறந்தது. எங்கள் காரைத் தாண்டிப் போய், பக்கத்தில் நின்றிருந்த ஒரு நீலக் காரின் சைடு மிர்ரரில் டணார் என்று விழுந்தது. தேங்காய் உடையவில்லை. மிர்ரர் உடைந்தது. கழுத்து முறிந்த கோழி மாதிரி ஒயரில் தொங்கியது.

“முருகா!” என்றார் முதலாளி.

தேர்டு பார்ட்டி கண்ணைத் திறந்தார். தொங்குகிற மிர்ரரைப் பார்த்தார். ஆயுசு பூராவும் யாருக்காகப் பயந்தாரோ அந்த அடுத்தவருடைய வண்டி அது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கு? ஒளிக்காமல் சொல்கிறேன், வயிறு குளுகுளு என்று இருந்தது.

வண்டிக்காரர் ஆபீசுக்குள்ளேயிருந்து வந்தார். எழுபதைத் தாண்டின பெரியவர், ரிட்டயர் ஆனவர், வீட்டுச் சாமான் ஏற்ற ஒரு வேன் வாடகைக்கு எடுக்க வந்திருக்கிறார். மிர்ரரைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என் காரின் மேல் எதற்காகத் தேங்காயை எறிந்தீர்கள் என்று கேட்டார். குரலில் நல்ல கோபம்.

“விபத்து எதுவும் நடக்கக் கூடாது என்பதற்காக” என்று நான் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன். அவர் முகம் இன்னும் சிவந்தது.

கவுன்ட்டர் பெண் ஓடி வந்தாள். தேர்டு பார்ட்டி அவளிடம், “மேடம், லயபிலிட்டி இருக்குது, கிளெய்ம் போடுங்க” என்றார். அவள் தயங்கினாள். உங்கள் கார் போய் இடித்திருந்தால் கவர் உண்டு, இது தேங்காய் அல்லவா என்றாள். இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். தேர்டு பார்ட்டி என்னை நம்பாமல் தானே பேசினார்.

“சார், கோகனட் இஸ் பார்ட் ஆஃப் டிரைவிங் சார். இன் மை ஊர், நோ கோகனட், நோ டிரைவிங். ஃபர்ஸ்ட் கோகனட், நெக்ஸ்ட் ஃபர்ஸ்ட் கியர்.”

அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கார் நகர்ந்ததா, இன்ஜின் ஓடியதா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் காருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எங்கள் பாலிசியில் வராது என்று வைத்துவிட்டார்.

தேர்டு பார்ட்டி அசரவில்லை. ஊரில் எடுத்த பயண இன்சூரன்ஸில், நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்குத் தனியாக ஒரு கவர் உண்டு. அந்த ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டார். தமிழில் பேச ஒரு பெண் கிடைத்தாள். அவள் எடுத்த எடுப்பில், வாகனம் சம்பந்தப்பட்ட சம்பவம் என்றால் இந்த கவரில் கிடையாது சார் என்றாள்.

“இல்லீங்கம்மா! காருக்கும் தேங்காய்க்கும் சம்பந்தமே இல்லீங்க. நான் பொட்டாட்ட ஒரு ஓரமா நின்னு சாமி கும்புட்டனுங்க. பக்கத்துல தற்செயலா ஒரு காரு நின்னுதுங்க.”

முதலாளி அவர் தோளைத் தட்டினார். “ஏனப்பா, இப்பத்தான தேங்காய் இல்லாம டிரைவிங்கே இல்லைன்ன?”

“அது அந்தப் போனுல சொன்னதுங்க. இது வேற போனுங்க.”

“எதற்காக சார் சாமி கும்பிட்டீங்க?” என்று ஸ்பீக்கரில் கேட்டாள் அந்தப் பெண்.

தேர்டு பார்ட்டிக்குப் பொய் வராது. “கார் எடுக்கறதுக்கு முன்னாடிங்க” என்றார். போச்சு. வாகனம் சம்பந்தப்பட்டதுதான், எதற்கும் பேப்பரெல்லாம் அனுப்புங்கள், பார்க்கிறோம் என்று அவளும் வைத்துவிட்டாள். கார்க்காரன் இது தேங்காய் என்கிறான், தேங்காய்க்காரன் இது கார் என்கிறான். உலகத்தில் உள்ள பாலிசி எல்லாம் எடுத்த மனிதர் இரண்டுக்கும் நடுவில் வெறுங்கையோடு நின்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வானத்தைப் பார்த்தேன்.

மணி ஓடிக்கொண்டிருந்தது. பையரைப் பார்க்கப் போக வேண்டும், ஆர்டர் போனால் லைன் நிற்கும். “பெரியவருகிட்ட நம்பரைக் குடுத்துட்டுக் கெளம்பலாமப்பா, பொறகு பாத்துக்கலாம்” என்றார் முதலாளி. தேர்டு பார்ட்டி தலையை ஆட்டினார்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் வரலீங்க. பாலிசி வராட்டி என்னங்க, அடிச்சது நாமதானுங்களே. அவரு வண்டி சரியாகற வரைக்கும் நான் அவருகூடத்தான் இருப்பேன்.”

“அப்ப யாரப்பா ஓட்டறது?”

தேர்டு பார்ட்டி என்னைப் பார்த்தார். “கண்ணு ஓட்டட்டுமுங்க. என்னைய விட நல்லா ஓட்டுவான்” என்றார். கவுன்ட்டருக்குப் போய் என் பெயரைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, சாவியை என் கையில் வைத்தார்.

கிடைத்துவிட்டது! நான் ஆசைப்பட்ட ஸ்டியரிங், நான் ஆசைப்பட்ட ஹைவே. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். வழுக்கிக்கொண்டு போகிறது கார். இரண்டு பக்கமும் வயல், மேலே பெரிய வானம். முதலாளி பின் சீட்டில். நான் அவரிடம் பாராட்டை எதிர்பார்த்துக் கண்ணாடியில் பார்த்தேன்.

“அவன் காலைல சாப்பிடக்கூட இல்லையப்பா” என்றார் முதலாளி.

கொஞ்ச தூரம் போனதும், “அந்தப் பெருசு திட்டிக் கிட்டிப் போடுமோ?” என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், “நல்லாத்தான் ஓட்டற. ஆனா அவன் இருந்தா பேச்சுத் துணையா இருந்திருக்கும்” என்றார். எனக்கு ஸ்டியரிங்கைக் கழற்றி வெளியே எறியலாம் போல வந்தது. ஆத்திரத்தில் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அந்தச் சீட்டில் அவர் இருந்திருந்தால் இத்தனை லாரிக்கும் இத்தனை மாட்டுக்கும் எத்தனை கேள்வி கேட்டிருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. ஒரு போட்டோ எடுக்கலாம் என்று நிறுத்தினேன். எடுத்துக் கொடுக்க ஆளில்லை. முதலாளி எடுத்ததில் என் காது மட்டும்தான் விழுந்தது.

பையர் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். எங்களை எண்ணினாள். மூன்றாவது ஆள் எங்கே என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன், அவரைக் கொஞ்சம் மட்டம் தட்டித்தான் சொன்னேன். அந்த அம்மா கண் கலங்கிவிட்டாள். யாரோ ஒருவருடைய கண்ணாடிக்காகச் சந்திப்பையே விட்டுக்கொடுக்கிற ஆள் உங்கள் கம்பெனியில் இருக்கிறாரா என்று முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆர்டர் கிடைத்தது. நான் கொண்டுபோன சாம்பிளும் நான் பேசிய பேச்சும் அதற்கு ஒரு காரணம் என்று நான் மட்டும் நம்புகிறேன்.

இருட்டுவதற்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிட்டோம். வாசலில் அந்த நீலக் கார் நின்றது. மிர்ரர் ஒழுங்காக, புதுசாக இருந்தது. பெரியவர் நம் சாம்பிள் டி-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு பானெட்டில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் தேர்டு பார்ட்டி, கையில் பாதி தேங்காய். பெரியவருடைய சிநேகிதர் பட்டறையில் மிர்ரரை மாட்டினார்களாம். காசு வேண்டாம் என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். அதற்குப் பதிலாக இவர் அவர் வீட்டுச் சாமானையெல்லாம் வேனில் ஏற்றி இறக்கிக் கொடுத்தாராம். மத்தியானம் அங்கேயே சாப்பாடு. தேங்காயை அவருடைய சுத்தியலால் உடைத்து, சட்னி அரைத்து, அந்த வீட்டம்மா கொடுத்த ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்களாம்.

காலையில் முகம் சிவந்து நின்ற மனிதர் இவரைக் கட்டிப்பிடித்து விடை கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் தீபாவளிக்கு அவரிடமிருந்து வாழ்த்து வருகிறது. தேர்டு பார்ட்டிக்குத்தான். எனக்கு வருவதில்லை. ஒரு பகல் முழுக்க அமெரிக்காவை ஓட்டிப் பார்த்தவன் நான். அமெரிக்காவில் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்.

“கிளெய்ம் இல்லாமப் போச்சு கண்ணு” என்று வருத்தப்பட்டார் அன்றைக்கு. “ரெண்டு போன்லயும் எவ்வளவு பேசினேன்!”

“விடுங்ணா, அடுத்த தடவை காருலயே இடிச்சுக்கலாம்” என்றேன் எரிச்சலோடு. அவர் அதற்கும் சிரித்தார்.

போன வருஷம் அவர் எங்கள் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். முதலிபாளையத்தில் பெரிசாகப் பனியன் கம்பெனி ஆரம்பித்த அவருடைய மச்சான், ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். பிரிவு உபசாரத்தில் செக்கிங் பெண்கள் அழுதார்கள். முதலாளி டிபன் கேரியரையே கொடுத்துவிட்டார். நான் அழவில்லை. எனக்கு இனி நல்ல காலம் என்று நினைத்தேன். அப்படித்தான் ஆனது. வெளிநாடு போனால் இப்போது நான்தான் ஓட்டுகிறேன், ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான். முதலாளியின் கிண்ணமும் எனக்குத்தான் வருகிறது. லயபிலிட்டி எடுத்தாயா என்று அவர் கேட்பதற்குள் எடுத்துவிடுகிறேன்.

போன வாரம் வாட்ஸப்பில் தேர்டு பார்ட்டியின் ஸ்டேட்டஸ் வந்தது. போர்ச்சுகலோ ஸ்பெயினோ, ஏதோ ஒரு ஊர். வாடகைக் கார். ஸ்டியரிங்கில் அவர், ஒரு விரலை நீட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் புது மெர்ச்சன்டைசர், நன்றாகத் தலை சீவியவன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறான். என்ன கேட்டிருப்பார்? மானைப் பற்றியா, பல் போன ஆளைப் பற்றியா? படத்தைப் பெரிசு பண்ணி, சின்னது பண்ணி, மறுபடி பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோசை ஆறிப்போனது.

என் ஊட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, அவருதான் கம்பெனிய உட்டே போயிட்டாரே. இன்னுமா அவரப் பாத்து வயிறெரியறீங்க?”

“அவரப் பாத்து யாரு எரிஞ்சா?” என்றேன். “பக்கத்து சீட்டுல ஒருத்தன் உக்காந்திருக்கறான் பாரு, அவனப் பாத்து.”